லோகோவுக்கு விட்ட இடம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணாடியைத் துடைத்துப் போடுகிறாயா? முதல் கேள்வி அம்மாவுடையது, இரண்டாவது என்னுடையது. இத்தனை வருஷம் கண்ணாடிக் கடையில் குப்பை கொட்டியவளின் தம்பி அழுக்குக் கண்ணாடியோடு திரிந்தால் அவமானம் எனக்குத்தானே, சோடாபுட்டி.

உன் ஆலைக்குள் செல்போன் கூடாது. இருக்கிற ஒரு பொதுப் போனில் உனக்குப் பின்னால் பத்துப் பேர் உச்சுக் கொட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் சொல்லப் போவது அப்படிச் சொல்கிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உனக்குக் கொடுப்பார், படிக்கட்டும்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வெளியூரில் ஒரு பெரிய கண் மருத்துவமனை. லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிற பிரிவு முழுவதையும் என்னிடம் ஒப்படைக்கிறார்கள். இங்கே முதலாளி தன் மருமகனைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் உட்கார வைத்திருக்கிறார். மருமகனுக்குக் கண்ணாடியில் முகம் பார்க்க மட்டும்தான் தெரியும். எனக்கும் நாற்பத்து மூன்று ஆகிறது. இனி இப்படி ஒன்று என்னைத் தேடி வராது.

ஜூன் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவைத் தனியாக விட முடியாது என்பது உனக்குத் தெரியும். வலது கை இன்னும் திரும்பவில்லை. குளியலறைக்குப் போகவும் ஆள் வேண்டும். கடை அடுத்த தெருவிலேயே இருப்பதால் நடுநடுவே ஓடி வந்து சமாளிக்கிறேன். உன் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது என்றாய். நீ வந்து அம்மாவோடு இருந்தால் நான் கிளம்பலாம். வருவாய்தானே?

தபால்காரரின் மணிக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் அன்பு. உடம்புக்கு ஒன்றும் இல்லை, சளி மட்டும் விருந்தாளி மாதிரி வந்து போகிறது. அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

உன் செய்தியைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். அறையில் கூட இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வராமல் என்ன செய்யப் போகிறேன்? ஏப்ரல் கடைசி, முடிந்தால் நடுவிலேயே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை அந்த வீட்டை விட்டு நகர்த்துகிற பேச்சே கூடாது. அப்பா இருந்த வீடு. வேறெங்கே போனாலும் அம்மா ஒடிந்துபோவாள்.

அங்கே என்னதான் செய்கிறாய் என்று அம்மா போனில் கேட்டாள், வாயைத் திறப்பதற்குள் என் முறை முடிந்துவிட்டது. சொல்கிறேன். ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் சுவர் முழுக்கத் திரைகள். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், எந்த வால்வு திறந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். ஆபத்து வந்தால் தொட்டு நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அந்தத் திரைகளை எழுதுவது நான். பொத்தானை இந்த இடத்தில் வை என்று சொல்ல மாட்டேன், நிபந்தனை மட்டும் போடுவேன். அளவுமானிக்கு வலப்பக்கம் இரு, அதன் உயரமே உனக்கும், விளிம்பில் முட்டாதே. எல்லாரும் சொல்வதையும் கேட்டுக் கணினியே அவரவருக்கு இடம் கண்டுபிடிக்கும். எதோடும் கட்டாமல் ஒரு பொத்தானை விட்டுவிட்டால் அது இடது மேல் மூலையில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்ளும்.

நிபந்தனையில் மூன்று பலம் உண்டு. கட்டாயம், வேண்டும், முடிந்தால். இடம் பற்றாவிட்டால் ‘முடிந்தால்’ முதலில் கழன்றுகொள்ளும். பிறகு ‘வேண்டும்’ விட்டுக்கொடுக்கும். ‘கட்டாயம்’ அசையாது.

முதலில் ஒரு மூலத் திரை எழுதினேன். மற்ற இருநூறும் அதற்குப் பிறந்த பிள்ளைகள். தாயிடம் இருக்கிற நிபந்தனை அத்தனையும் பிள்ளைக்குக் கேட்காமலே வந்துவிடும். இதன் உள்விவகாரம் என் ஒருவனுக்குத்தான் அத்துப்படி. மேலாளர் என்னைக் கண்ணில் வைத்துத் தாங்குகிறார்.

அம்மா பக்கத்தில் சீக்கிரம் வந்து உட்காரப் போகும்,
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

சளி விருந்தாளியைத் துரத்திவிட்டாயா? இங்கே கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாய் வழக்கம்போல.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். தாய்த் திரை, பிள்ளைத் திரை எல்லாம் அவளுக்குக் குழம்பியது. “அப்பாவோட வழுக்கை கேக்காமலே தம்பிக்கு வந்துச்சே, அது மாதிரிம்மா” என்றேன். உடனே விளங்கிவிட்டது. “அப்ப அவனும் யாரையும் கேக்காமதான் எல்லாம் செய்வான்” என்றாள்.

பெட்டி வாங்கிவிட்டேன். நீல நிறம், நாலு சக்கரம். கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன், அம்மா நடக்கும்போது அதையும் பிடித்துக்கொள்கிறாள். உன் அறையை ஞாயிறுதோறும் பெருக்குகிறேன். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாயிற்று.

ஒரு சந்தேகம். இடம் பற்றாமல் ‘முடிந்தால்’ கழன்றுகொள்ளும் என்றாயே, போகும்போது அது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகுமா?

ஏப்ரலை எதிர்பார்த்து,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சொல்லாது. சத்தமில்லாமல் விட்டுவிடும். திரையைப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்று இருந்ததாகவே தெரியாது. அதுதான் இதில் அழகே.

இங்கே புதுத் தலைவலி. ஆலைக்குள் நடக்கிற ஆட்கள் கையிலேயே சின்னத் திரை வேண்டுமாம். சுவரில் இருப்பதை அதில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வந்தது, சிவப்புப் பொத்தான் மட்டும் கோடாகச் சுருங்கிவிட்டது. ஆபத்து நேரத்தில் அந்தக் கோட்டை யார் தொடுவது? எந்த நிபந்தனை அதை நெருக்குகிறது என்று ஒவ்வொரு திரையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பதிலாக ஒருவர் வந்திருக்கிறார். மீசைக்காரர், அனுபவசாலி. அவரிடம் ஒப்படைத்துவிட்டால் நான் கிளம்பலாம். ஆனால் பாவம், மூலத் திரையைத் திறந்து பார்த்தவர் மத்தியானம் வரை மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். மேலாளர் என் தோளில் தட்டி, “உங்கள மாதிரி வருமா” என்றார். பெருமைக்காகச் சொல்லவில்லை.

எங்கள் அறைச் சன்னல்கள் திறக்காது. வாயு கசிந்தால் உள்ளே வரக் கூடாது என்று ஒட்டிவிட்டார்கள். முதலில் மூச்சு முட்டியது, இப்போது பழகிவிட்டது. ஏப்ரலில், முடிந்தால் சொன்ன தேதிக்கே, வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவும் நலம். நீ?

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார், முன்பு இப்படியொரு ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு விதி உண்டாம். வீட்டில் பெற்றவரைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தம் பாக்கி இருந்தாலும் ஒரே வாரத்தில் அனுப்பிவிடுவார்களாம். உன் ஆலையிலும் அப்படி உண்டா என்று விசாரித்து எழுது.

மீசைக்காரருக்கு என் அனுதாபம். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கொஞ்சம் மெதுவாகச் சொல். உனக்குச் சின்ன வயதிலிருந்தே விடையை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிற புத்தி.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நன்றாக இருக்கிறீர்களா? எனக்குத் தூக்கம்தான் சரியில்லை, வேறொன்றும் இல்லை.

மீசைக்காரர் போய்விட்டார். போகும்போது, “இது புரோகிராம் இல்ல சார், சிலந்தி வலை. நடுவுல நீங்க உக்காந்திருக்கீங்க. எந்த நூல எடுத்தாலும் உங்ககிட்டதான் வந்து நிக்குது” என்றார். நான் என்ன செய்வது? நான் அவருக்குச் சொல்லித்தான் கொடுத்தேன். சில இடங்களைச் சொல்வதைவிட நானே செய்துவிடுவது சுலபமாக இருந்தது.

வேறு ஆள் கிடைக்காததால் ஒப்பந்தத்தை ஆகஸ்ட் வரை நீட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போடும்படி ஆகிவிட்டது. முடிந்தால் ஜூன் கடைசியிலேயே வரப் பார்க்கிறேன். மருத்துவமனையில் கொஞ்சம் அவகாசம் கேள் அக்கா. உன் கைக்கு அவர்கள் காத்திருப்பார்கள்.

அம்மாவுக்கு என் முத்தம்.
தம்பி


மே 19

தம்பிக்கு,

நலம் என்று எழுத வந்தேன். முழுவதும் நலம் இல்லை. நான் கடையில் இருந்தபோது அம்மா தானாகக் குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. பக்கத்து வீட்டு டீச்சர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். நான் வரும்வரை ஈரத் தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

மருத்துவமனையில் கேட்டேன். கேட்கவே நாக்குக் கூசியது. ஆகஸ்ட் பதினைந்து, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

விதியைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. உங்கள் அலுவலகத்தில் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற மகராசன் அந்த வரியை அடித்துவிட்டாரோ? மறுபடியும் கேட்கிறேன். அப்படி ஒரு விதி அங்கே உண்டா?

நீலப் பெட்டியில் இப்போது பழைய போர்வைகள் இருக்கின்றன. இடத்தை வீணாக்குவானேன்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு எப்படி வேண்டுமானாலும் திட்டு. அம்மா எப்படி இருக்கிறாள்? நான் இன்றைக்கு ரொம்ப நன்றாக இருக்கிறேன்.

கண்டுபிடித்துவிட்டேன் அக்கா. பொத்தான் ஏன் சுருங்கியது என்று இருநூறு திரைகளையும் கிழித்துக் காயப்போட்டேன், ஒன்றிலும் தப்பு இல்லை. மூலத் திரையில் இருந்தது. நான் வந்த முதல் வாரம் எழுதிய ஒரே ஒரு வரி. இடப்பக்கம் நாலு விரல் அகலம் காலியாக விட வேண்டும், அதுவும் கட்டாயம். எதற்குத் தெரியுமா? அப்போதிருந்த மேலாளர் அங்கே கம்பெனி லோகோ வரும் என்றார். லோகோ வரவே இல்லை. அவரும் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். இல்லாத லோகோவுக்கு இடம் விட்டுவிட்டு மற்றதெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பெரிய திரையில் அது தெரியவில்லை. கட்டாயம் என்று எழுதியிருந்ததால் யாரும் கை வைக்கவில்லை. யார் போட்டது, இப்போதும் வேண்டுமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

வரியை அழித்தேன். அத்தனை திரையிலும் எல்லாம் தானாக நகர்ந்து சரியாக உட்கார்ந்தது. பொத்தான் கட்டைவிரல் அளவுக்கு விரிந்தது. கட்டுப்பாட்டு அறையே எழுந்து கைதட்டியது.

அந்தச் சூட்டோடு மேலாளர் இரண்டாம் கட்டத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டார். “உங்கள விட்டா யார் இருக்கா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எப்படி மறுப்பது? டிசம்பர் வரை. முடிந்தால் நடுவில் ஒரு தடவை வந்து போகிறேன். ஆகஸ்ட் தேதியை இன்னும் ஒரே முறை தள்ளிக் கேட்டுப் பாரேன்.

சந்தோஷத்தில்,
தம்பி


ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த முறை முழுவதும் நலம். உறையின் பின்னால் இருக்கிற விலாசம் புதிது, குறித்துக்கொள்.

உன் ஜூலைக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். லோகோ வரைக்கும் வந்ததும் நிறுத்திவிட்டேன். காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏம்மா, இந்த வீட்ட விட்டு வரமாட்டேன்னு நீ எப்பம்மா சொன்ன?”

“நான் எங்கடி சொன்னேன்? அவன் சொன்னான், நீ தலையாட்டின. ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க, நான் எதுக்கு நடுவுல பேசணும்னு இருந்தேன்.”

“அப்ப என்கூட வர்றியா?”

போர்வையின் ஓரத்தை இடது கையால் நீவிவிட்டாள். “அங்க லிஃப்ட் இருக்கா?” என்றாள்.

அவ்வளவுதானடா விஷயம். ஏழு மாதம் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அது வாடகை வீடு. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டிலேயே காற்றோட்டமான அறை உன்னுடையது, குளியலறையும் அதை ஒட்டித்தான். அதை உனக்கென்று பூட்டி வைத்துவிட்டு அம்மாவைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தேன். அவள் அவ்வளவு தூரம் நடந்து போய்த்தான் விழுந்தாள். பூட்டச் சொன்னது யார்? யாரும் இல்லை.

வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம். உன் புத்தகங்களும் துணிமணியும் என்னிடம் இருக்கின்றன. பகலில் அம்மாவோடு இருக்க ஒரு அம்மாளை மருத்துவமனையிலேயே ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். கைப் பயிற்சியும் அங்கேயே நடக்கிறது. முந்தாநாள் லிஃப்டில் எங்கள் மாடிப் பொத்தானை அம்மா வலது கையால் தானே அழுத்தினாள். அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள் பார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெட்டி கட்டும்போது உன் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். வருகிறேன் என்று எழுதிய இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு ‘முடிந்தால்’ நிற்கிறது. அது சத்தமில்லாமல் கழன்றுகொள்ளும் என்று நீயேதான் எனக்குச் சொன்னாய். மே மாதத்தில் உன்மேல் கொள்ளைக் கோபம். இப்போது இல்லை. இனி நீ வராவிட்டால் இங்கே எதுவும் நின்றுபோகாது. அதனால் நிம்மதியாக வேலையைப் பார்.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அம்மாவின் கை இன்னும் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ இரண்டு முறை கேட்டதற்குப் பதில். அந்த விதி இங்கேயும் உண்டு. சேர்ந்த அன்றைக்கே சொன்னார்கள். எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்துதான் எழுதிக் கொடுக்காமல் இருந்தேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். விடுவிக்கச் சொல்லி விண்ணப்பம் கேட்டேன். கடிதங்களைப் படிக்கிற அந்த எழுத்தர்தான் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். காரணம் என்கிற கட்டத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று எழுத ஆரம்பித்தேன். “சார், அம்மா லிஃப்ட் பட்டனே அழுத்துறாங்களே, படிச்சேன். மனசுக்கு நிறைவா இருந்துச்சு. ஆனா இனிமே அந்தக் காரணம் செல்லாதே சார். வேற என்ன எழுதலாம்?” என்று கேட்டார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்ததும் ஒதுங்கி வந்துவிட்டேன்.

மேலாளரிடம் போய் நின்றேன். “நீங்க போனா இத யார் தொடறது? நீங்களே சொல்லுங்க” என்றார். யாரும் தொட முடியாதபடி கட்டியது நான்தான்.

அறையை மாற்றிவிட்டார்கள். தனி அறை, பதவிக்கு மரியாதையாம். மேல் மாடியில் இடது மூலை, எதோடும் கட்டாத பொத்தான் மாதிரி. சிரிக்காதே. சன்னல் இங்கேயும் திறக்காது.

கேட்க வாய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். புது வீட்டில் எனக்கு ஒரு அறை இருக்கிறதா?

தம்பி


செப்டம்பர் 24

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நாங்கள் நலம். அம்மா சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை வலது கையாலேயே எடுக்கிறாள். பாதி சிந்துகிறது. சிந்தட்டும்.

அறை இல்லை. மொத்தமே இரண்டு அறை, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. கூடத்தில் ஒரு கட்டில் போடலாம், ஆனால் போடவில்லை. வராத ஆளுக்கு இடம் விட்டு வைப்பதை நிறுத்திவிட்டோம். நீ வந்து நின்றால் அன்றைக்கு நாற்காலியை நகர்த்திக்கொள்வோம். அம்மாவிடம் கேட்டேன், “அவன் வரட்டும், நகத்திக்கலாம்” என்கிறாள்.

இதைப் படிக்கும் எழுத்தர் ஐயாவுக்கு வணக்கம். என் தம்பிக்குக் கூச்சம் அதிகம், அவனுக்குப் பதிலாக நான் கேட்கிறேன். காரணம் என்கிற கட்டத்தில் ‘அக்கா கூப்பிட்டாள்’ என்று எழுதினால் செல்லாதா? சின்ன வயதில் எந்த விளையாட்டிலிருந்து அவனைக் கிளப்பவும் அது போதுமாக இருந்தது. பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவான். அவன் இல்லாமலும் மற்ற பிள்ளைகள் ஆடி முடித்தார்கள்.

தம்பி, கூப்பிடுகிறேன். வா.

திருப்பித் திருப்பிப் படித்துப் பார். இந்தக் கடிதத்தில் ‘முடிந்தால்’ என்று நான் உனக்கு எங்கும் சொல்லவில்லை.

அக்கா